மயங்கி விழுந்த மூக்கு

ஜூன் 4

அக்கா,

'அன்புள்ள' என்று போட்டுத்தான் தொடங்கினேன். அந்த வார்த்தையிலேயே நீ காகிதத்தைக் கசக்கிவிடுவாய் என்று தோன்றியது. வேறு காகிதம் எடுத்துவிட்டேன்.

அப்பா என் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அம்மா தன் போனில் உன்னைக் கூப்பிட்டால், நான் பக்கத்தில் நிற்பது உனக்கு எப்படித்தான் தெரிகிறதோ, "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் தபால். நம் தெருவில் தபால்பெட்டி இன்னும் இருக்கிறது என்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும். அதன் வாயில் ஒரு சிலந்தி குடித்தனம் நடத்துகிறது.

அன்றைக்கு நீ உள்ளே அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாய். கதவுக்கு வெளியே நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டிருப்பாய். செய்தவள் வாயாலும் ஒரு முறை கேட்டுக்கொள். நீ சொல்லிக்கொடுத்த விதிகளையும் சேர்த்தே ஒப்பிக்கிறேன். தெரியாமல் செய்துவிட்டாள் பாவம் என்று யாரும் எனக்காகப் பேச வரக் கூடாது, அதற்காக.

நம் மூக்குச் சபைக்கு ஆறு பேர். நார் ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு ஊறின நாரின் நாற்றம் பழகி மூக்கு செத்துப்போயிருக்கும், அதனால் வேண்டாம் என்று அவர்கள் வீடுகளிலிருந்து ஆட்களைப் பிடித்தாய். புகை பிடிக்காத, சென்ட் அடிக்காத மூக்குகள். கற்றாழை நாரை அழுத்திச் செய்த பலகையில் ஒரு துண்டு. அதைக் கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, அடுப்பில் சூடாக்கி, ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு மூடியை லேசாகத் திறந்து காட்டுவாய். மோந்து பார்த்துவிட்டுச் சீட்டில் ஓர் எண் எழுத வேண்டும். வாசனையே இல்லை என்றால் ஒன்று. தெரிகிறது, தொந்தரவில்லை என்றால் மூன்று. ஆளையே தூக்கிப் போடுகிறது என்றால் ஆறு. சராசரி மூன்றைத் தாண்டினால், பஸ்ஸுக்குக் கூடு கட்டும் அந்தக் கம்பெனி பலகையை வாங்காது. நார் நாறக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். வெளியே வரும்போது அடுத்தவரிடம் பேசக் கூடாது, முகத்தில் எதையும் காட்டக் கூடாது.

நான் பேசவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை.

முதலில் போனவள் நான். வெளியே வந்தால் பெஞ்சில் ஐந்து பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து பேர் பார்க்கும்போது சும்மா நடந்து போக எனக்குத் தெரியாதே அக்கா. கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். கண்ணைச் செருகினேன். தள்ளாடிப் போய்ச் சுவரோடு சுவராக வழிந்து தரையில் விழுந்தேன். நாக்கைக்கூடத் தொங்கவிட்டேன். மெஸ் நடத்துகிற அக்கா சிரித்த சிரிப்பில் பெஞ்சே ஆடியது. அந்தச் சிரிப்போடுதான் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். நான்கு, ஐந்து, ஐந்து, ஆறு, ஐந்து.

நான் எழுதியது இரண்டு. லேசாக நனைந்த அட்டைப்பெட்டி வாசனை, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நல்ல பலகை அக்கா.

அம்மா உனக்குக் கட்டிவைத்த சாப்பாடு மேசையிலேயே இருந்தது. நீ பஸ் ஏறிப் போன பிறகு அதை நான்தான் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசை. இறங்கியது. அது வேறு வெட்கம்.

உன் வாலு


ஜூன் 12

வாலு,

உன் கடிதத்தைப் பல்கலைக்கழக முகவரிக்கு அனுப்பியிருக்கிறாய். துறை அலுவலகத்தில் பிரித்து, இரண்டு பக்கம் படித்த பிறகு, "சொந்தக் கடிதம் போலிருக்கே" என்று கொடுத்தார்கள். இனிமேல் விடுதி முகவரிக்கு அனுப்பு. இனிமேல் அனுப்பாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வேறெதையோ எழுதிவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரோடு வழிந்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்திலும் வரவில்லை.

நானும் என் பேராசிரியரும் அந்த ஆலையும் இரண்டு வருஷமாக இந்தப் பலகைக்காகச் சேர்ந்து உழைக்கிறோம். ஆராய்ச்சிக்கூடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நாங்கள் செய்து காட்டியதை, ஆள் உயரப் பலகையாக அழுத்தி எடுக்க ஆலை புது இயந்திரம் வாங்கியது. ஆலைக்காரர்கள் எங்களைப் படித்த பேச்சுக்காரர்கள் என்பார்கள். எங்கள் ஆட்கள் அவர்களை அவசரக்காரர்கள் என்பார்கள். இரண்டு பக்கமும் நடந்து நடந்து சமாதானம் செய்தவள் நான். அப்பா அங்கே நார் ஊறவைக்கும் தொட்டிக்கு மேஸ்திரி என்பதால் எனக்கு அந்தக் கதவு திறந்தது. அதே வீட்டிலிருந்து வந்து நீ அதைச் சாத்திவிட்டாய்.

நடந்தது கூத்து, சோதனை இல்லை, மறுபடி செய்யலாம் என்று கம்பெனிக்காரரிடம் கெஞ்சினேன். அவர் கோபப்படக்கூட இல்லை. "ஆறு பேரை ஒழுங்கா உட்கார வைக்க முடியலை. நீங்க எங்களுக்கு ஆயிரம் பலகை ஒரே மாதிரி தருவீங்களாம்மா?" என்று கேட்டார். கடைசியாக ஒரு மாதம் தந்திருக்கிறார். அதற்குள் புதிதாகப் பலகை செய்து, புதிதாகச் சோதனை. அதுவும் போனால் அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். ஆலை அந்த இயந்திரத்தை மூடிப் போடும். அதை நம்பி எடுத்த ஆட்களை வீட்டுக்கு அனுப்பும்.

பஸ்ஸில் திரும்பும்போது பேராசிரியர் மேடம், "அந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டார். பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று மட்டும் கேட்காதே.

அடுத்த சோதனைக்கு நீ இல்லை. ஆலைப் பக்கம் உன் தலை தெரியக் கூடாது.

அக்கா


ஜூன் 17

அக்காவுக்கு,

தலை தெரிந்துவிட்டது. மன்னித்துவிடு. உன் கடிதம் வருவதற்கு முன்னாடியே ஆலைக்குப் போய்விட்டேன். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரலாம் என்று போனேன். என் மூக்கு உடையப் போவது தெரிந்தே போனேன் என்று வைத்துக்கொள்.

யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் திட்டவில்லை. நார் காயப்போடும் களத்தில் பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு நாரை உதறத் தொடங்கினார்கள். உதறிய நாரையே திரும்பத் திரும்ப உதறினார்கள். புது இயந்திரத்துக்கு எடுத்த ஆட்களில் பாதிப் பேர் அவர்களுடைய பிள்ளைகளாம். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் விழுந்திருக்க மாட்டேன் என்று எழுத வந்தேன். அதுவும் நிச்சயமில்லை. பெஞ்சில் ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்களே.

மெஸ் அக்கா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ அவ்வளவு நல்லா விழுந்தே பாப்பா. அதுக்கப்புறம் எனக்கு எதை மோந்தாலும் நாறுச்சு" என்றார். பாராட்டு மாதிரி இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பாராட்டு முதுகில் அரித்துக்கொண்டே வந்தது.

அப்பா என்னிடம் பேசுவதில்லை. "அவளைச் சாப்பிடச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்கிறார். நான் அவருக்கு எதிரில்தான் தட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். அம்மா தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் கழுத்து வலி என்கிறாள். முன்பெல்லாம் கை கழுவிவிட்டு வந்தால்கூட, "மூணு தண்ணி ஆச்சா?" என்று கேட்பாரே, நினைவிருக்கிறதா? ஊறின நாரை மூணு தண்ணியில் அலசினால்தான் நார், இல்லையென்றால் சாக்கடை என்று சொல்லிச் சொல்லி, நம் வீட்டில் கீரைக்கு மூணு தண்ணி, சட்டைக்கு மூணு தண்ணி, எனக்கு மூணு தண்ணி. இப்போது அதுவும் கேட்பதில்லை. நான் ஒரு தண்ணியோடு தப்பித்துக்கொண்டிருக்கிறேன். சந்தோஷமாக இல்லை.

அவர் இப்போது வீட்டுக்கு வருவது குளிக்கவும் சாப்பிடவும்தான். உடனே திரும்பி ஆலைக்குப் போய்விடுகிறார். முதலாளி தினமும் தொட்டிக்கே வந்து நின்று நாள் எண்ணுகிறாராம்.

மேடத்திடம் என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. கேட்காதே என்று எழுதியதை மட்டும் நான்கு தடவை படித்தேன்.

வாலு (ஒட்ட நறுக்கப்பட்டது)


ஜூலை 2

வாலு,

அவசரமாக எழுதுகிறேன். எட்டாம் தேதி சோதனை. கம்பெனிக்காரர் அதே ஆறு பேர்தான் வேண்டும் என்கிறார். ஆளை மாற்றினால், நமக்குத் தோதான மூக்காகப் பார்த்துப் பொறுக்கியதாகிவிடுமாம். ஆகவே நீ வர வேண்டும். வேண்டுமா என்று உன்னைக் கேட்கவில்லை. எனக்கே வேண்டாம்.

கடைசி ஆளாக உள்ளே வருவாய். உனக்குப் பிறகு யாரும் இல்லை. அதனால் யாரையும் கெடுக்க முடியாது. முகம், துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்க வேண்டும். தும்மல் வந்தால்கூட முழுங்கிவிடு. அன்று காலையில் பவுடர், தலைக்கு எண்ணெய் எதுவும் வேண்டாம்.

இன்னொன்று. போன முறை இரண்டு எழுதினாய். இதுவும் அதே மாதிரிப் பலகைதான். அதனால் இந்த முறை மூன்றுக்கு மேல் எழுத உனக்குக் காரணம் எதுவும் இருக்காது. எழுதும்போது அப்பாவை நினைத்துக்கொள். களத்தில் நாரை உதறினார்கள் என்று எழுதினாயே, அவர்களையும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். வந்து சேர்.

அக்கா


ஜூலை 9

அக்காவுக்கு,

நேற்று நீ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. நம் இரண்டு பேருக்கும் விதி நன்றாகப் பழகிவிட்டது.

ஐந்து பேரும் உள்ளே போய்விட்டு, சாவு வீட்டிலிருந்து வருகிற முகத்தோடு வந்தார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. கம்பெனிக்காரர் என்னை மட்டுமே பார்த்தார். நான் உள்ளே வந்தேன். நீ மூடியைத் திறந்தாய்.

அக்கா, அது நாறியது. போன முறை பலகையில் இருந்த அட்டைப்பெட்டி வாசனை இல்லை. பூச்சாடியில் தண்ணீரை மாற்ற மறந்துவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பினால் ஒரு நாற்றம் வருமே, அதைச் சுட வைத்த மாதிரி. உண்மையிலேயே கழுத்தைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. உண்மையாகத் தோன்றும்போது முகத்தை அசையாமல் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

பேனாவை எடுத்தேன். அப்பாவை நினைத்துக்கொண்டேன். நீ சொன்னபடியே அந்தப் பெண்களையும் நினைத்துக்கொண்டேன். 3 என்று எழுத ஆரம்பித்து, ஒரு வளைவு போட்டுவிட்டேன். சீட்டைப் பார்த்தால் தெரியும். அதைத்தான் 5 ஆக்கினேன்.

மற்றவர்கள் மூன்று, மூன்று, மூன்று, இரண்டு, மூன்று. என் ஐந்தைச் சேர்த்தால் சராசரி மூன்றைத் தாண்டுகிறது. எடுத்துவிட்டால் பலகை தேறிவிடுகிறது. சளி பிடித்த மூக்கு, விதியை மீறிய மூக்கு என்று காரணம் எழுதி ஒரு சீட்டை நீக்கச் சோதனை நடத்துபவருக்கு உரிமை இருக்கிறதாம். கம்பெனிக்காரர் உன்னிடம், "முடிவு உங்களோடது. ஒரு வாரத்துல எழுதி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

எல்லோரும் மறுபடி விளையாடினேன் என்றுதான் நினைக்கிறார்கள். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அப்பா ஒரு மாதத்துக்குப் பிறகு நேற்று என்னிடம் நேராகப் பேசினார். அம்மா நடுவில் இல்லை. "இன்னுமா உனக்கு விளையாட்டு தீரலை?" என்றார். குரலை உயர்த்தவில்லை. பதிலுக்கு நிற்கவும் இல்லை.

இன்று காலையில் மெஸ் அக்கா வந்தார். ரகசியமாக, "நாறத்தான் செஞ்சுது பாப்பா. போன தடவை சிரிச்சுத் தொலைச்சோமேன்னு மூணு போட்டுட்டேன்" என்றார். வெளியே சொல்வாரா என்று கேட்டேன். அவருக்கு அடுப்பில் வேலை இருந்தது.

என் சீட்டை நீ நீக்கினால் நீக்கிக்கொள். போன மாதம் நான் செய்ததற்கு அது தகும். ஒன்று மட்டும் கேட்கிறேன். காரணம் என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் குறும்பு என்று எழுதாதே. சளி என்று எழுது. வேண்டுமானால் இன்றைக்கே தலைக்குக் குளித்துவிட்டு மொட்டை மாடியில் நின்று பிடித்துக்கொள்கிறேன்.

ஜாடி உன்னிடம்தான் இருக்கிறது. நீயும் ஒரு முறை மோந்து பார்.

தங்கை


ஜூலை 17

தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதுகிறேன்.

மோந்து பார் என்று எழுதியிருந்தாய். நான் அதற்கு முன்பே பார்த்துவிட்டேன். ஜூலை முதல் தேதி, புதுப் பலகையில் ஒரு துண்டு ஆலையிலிருந்து எனக்கு வந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் தனியாகச் சூடாக்கினேன். மூடியைத் திறந்த வேகத்தில் மூடிவிட்டேன். ஜன்னலைத் திறந்து வைத்தேன். மறுநாள் உட்கார்ந்து உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். மூன்றுக்கு மேல் எழுதக் காரணம் இருக்காது என்று.

ஏன் நாறுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. கேட்டால் சோதனையைத் தள்ளிப்போட வேண்டி வரும். போன மாதம் நீ செய்தது எல்லோருக்கும் எதிரில் செய்த கூத்து. நான் செய்ததைப் பார்க்க ஆள் இல்லை. பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தபாலில் அனுப்பி, அவள் கையால் செய்யச் சொன்னேன். அப்பாவை நினைத்துக்கொள் என்று அப்பாவையும் கூட அனுப்பினேன்.

நீ கேட்ட அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டேன், தெரியுமா? உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே. குறும்பு என்றுதான் எழுதினேன். கையெழுத்துப் போட்டு உறையில் போட்டும் ஆகிவிட்டது. ஒட்டவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அதைக் கிழித்தேன் என்றால் நல்லவள் மாதிரி தெரியும். அன்று கிழிக்கவில்லை. சளி என்று எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீயே வழி சொல்லிக்கொடுத்திருந்தாயே. மூன்றாம் நாள்தான் கிழித்தேன்.

மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு எழுதியதையும் சொன்னேன். அவர் நீண்ட நேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். இனி இந்தச் சோதனைகளை நான் நடத்தக் கூடாது. வேறு ஒரு மாணவர் பார்த்துக்கொள்வார். பலகை வேலையில் இருக்கலாம், ஜாடிப் பக்கம் போகக் கூடாது. சரி என்றேன். கம்பெனிக்காரருக்கும் நானே போன் செய்தேன். ஐந்து என்பது சரியான எண், மற்ற எண்களைத்தான் நம்ப முடியாது என்றேன். அவர் மறுபடி வருவதாகச் சொல்லவில்லை. வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "நல்ல பலகை இருந்தா சொல்லுங்க" என்றார்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவருடைய தொட்டியில் வந்த நார். போனை எடுத்து எடுத்து வைக்கிறேன். நீ சொல்லிவிடாதே, நானே வந்து சொல்கிறேன்.

கேட்காதே என்றேனே, அதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பெண் யார் என்று மேடம் கேட்டபோது, ஆலைக் குடும்பத்துப் பெண் என்றேன். பொய் இல்லை, பார். அப்படிப்பட்ட உண்மைகள் எனக்கு நன்றாக வருகின்றன. இந்த முறை அவர் கேட்கவே இல்லை. நானாகவே சொன்னேன், என் தங்கச்சிங்க மேடம் என்று.

அக்கா


ஜூலை 22

அக்கா,

நீ வந்து சொல்ல வேண்டியதில்லை. நானும் சொல்லவில்லை. உன் கடிதத்தை நான் படித்துவிட்டு மடிக்கும்போது அப்பா சமையலறையில் இருந்தார். அதுவே அதிசயம்.

அம்மாவின் டிபன் பாக்ஸ் ஒன்றை எடுத்திருந்தார். அதற்குள் ஒரு துண்டுப் பலகை. மூடி போட்டு, கொதிக்கிற தண்ணீருக்கு நடுவில் வைத்திருந்தார். உன் ஜாடியையும் அடுப்பையும் அவர் கதவு வழியாகப் பார்த்திருக்க வேண்டும். அம்மா வாசலில் நின்று, என் பாத்திரம் போச்சு என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இங்க வா" என்றார். போனேன். இடுக்கியால் மூடியைத் தூக்கினார்.

"எவ்வளவு?"

"அஞ்சுப்பா."

"ஆறு போடு."

எனக்குப் புரியவில்லை. "உங்களுக்குத்தான் இந்த நாத்தமே தெரியாதேப்பா" என்றேன்.

"மூக்குக்குத் தெரியாது" என்றார். "ஒரு தண்ணிதான் அலசினேன்னு கைக்குத் தெரியும்ல."

அடுப்பை அணைத்தார். முதலாளி பக்கத்தில் நின்று நாள் எண்ணினாராம். பச்சை வாடை, அழுத்தும்போது சூட்டில் போய்விடும், அடுத்த லோடை விடு என்றாராம். விட்டேன் என்றார். அந்த ஒரு மாதக் கெடு எதனால் வந்தது என்பதை அவர் சொல்லவே இல்லை அக்கா. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்தான் மனதுக்குள் பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தேன். பலகை நாறியது ஒரு தண்ணியால். ஒரு தண்ணி அவசரத்தால். அவசரம் நான் சுவரோடு வழிந்ததால்.

அப்புறம் அவர் முகம் கழுவினார். மூணு தண்ணி. சட்டையை மாட்டினார். முதலாளியிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். இதெல்லாம் நேற்று நடந்தது. முதலாளி கத்தியது நார்க்களம் வரை கேட்டது. ஆனால் இன்று காலையில் தொட்டிகளில் மறுபடி தண்ணீர் விட்டிருக்கிறார்கள். புது இயந்திரத்தை மூடிப் போடவில்லை, ஓட்டவும் இல்லை. ஆட்களைப் பாதிச் சம்பளத்தில் அலசுகிற வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். களத்துப் பெண்கள் இன்னும் என்னோடு பேசவில்லை. நாளைக்கு நானும் போய் நாரை உதறலாம் என்றிருக்கிறேன். பேசாமல் உதறுவதை நானும் பழக வேண்டும்.

நேற்று அப்பா கிளம்பும்போது, நானும் வரட்டுமா என்று கேட்டேன். செருப்பைத் தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார்.

"வா" என்றார். "அங்க வந்து விழுந்து கிழுந்து வைக்காத."

ஆலை வாசல் வரைக்கும் நான் முகத்தில் எதையும் காட்டவில்லை அக்கா. அப்பாவால்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வாலு